எரிபொருள் குறைந்து விழும் ஹெலிகாப்டர்கள்: எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஏன் இறங்குவதில்லை?

வான்நோக்கி எழுதியது:

விமான விபத்து அறிக்கைகளை விடாமல் படிப்பவன் நான். அவற்றில் எனக்கு இன்னும் மனம் ஆறாத வகை ஒன்று உண்டு: எரிபொருள் தீர்ந்து விழும் ஹெலிகாப்டர்கள். விமானம் இறங்க ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டருக்கு ஒரு பள்ளி மைதானமோ அறுவடை முடிந்த வயலோ போதும். எரிபொருள் குறைகிறது என்று தெரிந்த நிமிடத்தில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிடக்கூடிய ஒரே பறக்கும் வாகனம் அதுதான். அப்படிப்பட்டது ஏன் இப்படி விழ வேண்டும்?

கிளாஸ்கோ விபத்தை எடுத்துக்கொள்வோம். 2013 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு. ஸ்காட்லாந்து போலீசுக்காகப் பறந்த இசி135 ரக ஹெலிகாப்டர் 400 கிலோ எரிபொருளுடன் இரவு 8.44 மணிக்குக் கிளம்பியது. ஒரு விமானி, இரண்டு காவலர்கள். நகரத்திலும் அதைச் சுற்றியும் சில கண்காணிப்பு வேலைகளை முடித்துக்கொண்டு திரும்பும்போது, 10.22 மணி அளவில், கிளைடு ஆற்றங்கரையில் இருக்கும் கிளத்தா என்ற மதுக்கூடத்தின் கூரை மேல் விழுந்தது. உள்ளே இசைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஹெலிகாப்டரில் இருந்த மூவரும் மதுக்கூடத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

என்னால் கடக்க முடியாத தகவல் இதுதான்: சிதைந்த ஹெலிகாப்டரின் பிரதான தொட்டியில் 76 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 98 நிமிடத்தில் 324 கிலோ செலவாகியிருக்கிறது. அந்த வேகத்தில் 76 கிலோ என்பது இருபது நிமிடத்துக்கு மேல் பறக்கப் போதுமானது. ஆனால் இரண்டு எஞ்சின்களும் எரிபொருள் கிடைக்காமல் அணைந்துபோயின.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

மருதநிலம் எழுதியது:

தொட்டியில் எரிபொருள் இருக்கும்போது எஞ்சின் எப்படி அணையும்? குழாயில் அடைப்பா? பழுதா? எனக்குப் புரியவில்லை. இயந்திரம் தெரிந்தவர்கள் எளிமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

கருவிப்பெட்டி எழுதியது:

மருதநிலம், ஹெலிகாப்டர் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அடைப்பும் இல்லை, பழுதும் இல்லை. பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2015 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் அது தெளிவாக இருக்கிறது.

இசி135-இல் எரிபொருள் முழுவதும் ஒரே தொட்டியில் இருப்பதில்லை. ஆட்கள் அமரும் அறையின் தரைக்கு அடியில் ஒரு பெரிய பிரதான தொட்டி. அதன் பின்னால் இரண்டு சிறிய சப்ளை தொட்டிகள், எஞ்சினுக்கு ஒன்று வீதம். எஞ்சின்கள் குடிப்பது சிறிய தொட்டிகளில் இருந்து மட்டுமே. பிரதான தொட்டியில் இருந்து அவற்றை நிரப்பிக்கொண்டே இருக்க முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு டிரான்ஸ்ஃபர் பம்ப்கள். நம் வீட்டில் சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும், மோட்டார் போடாவிட்டால் மாடித் தொட்டி வறண்டு குழாயில் காற்று வருகிறதே, அதே கதைதான்.

விபத்துக்குப் பிறகு விமானியின் தலைக்கு மேல் உள்ள பலகையைப் பார்த்தார்கள். இரண்டு டிரான்ஸ்ஃபர் பம்ப்களின் சுவிட்சுகளும் அணைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பக்கத்திலேயே பிரைம் பம்ப்களின் சுவிட்சுகள் இருக்கின்றன. எஞ்சினை முதலில் கிளப்பும்போது மட்டும் பயன்படுபவை. அவை இரண்டும் போடப்பட்டிருந்தன.

சரி, டிரான்ஸ்ஃபர் பம்ப்பை ஏன் ஒருவர் அணைக்க வேண்டும்? அதற்கும் காரணம் உண்டு. எரிபொருள் பாதிக்குக் கீழே போன பிறகு ஹெலிகாப்டரின் மூக்கு ஏறி இறங்குவதற்கு ஏற்ப அது தொட்டிக்குள் முன்னும் பின்னும் ஓடும். ஓர் இடத்தில் நின்று பறக்கும்போது மூக்கு சற்றுத் தூக்கி இருக்கும், எரிபொருள் பின்னால் போய்விடும், முன் பம்ப் வெறும் காற்றில் சுழலும், எச்சரிக்கை வரும், விமானி அதை அணைப்பார். இது முறையான செயல்தான். வேகமெடுத்து முன்னோக்கிப் பறக்கும்போது நிலைமை தலைகீழ். எரிபொருள் முன்னால் வரும்; பின் பம்ப் காயும்; அதை அணைக்க வேண்டும்; முன் பம்ப்பைத் திரும்பப் போட வேண்டும். போலீஸ் ஹெலிகாப்டர் ஓர் இரவில் பல முறை நிற்கும், பல முறை நகரும். ஒவ்வொரு முறையும் இந்த மாற்று வேலை இருக்கிறது. அன்றைக்கு விமானத்தின் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டும் அணைந்த நிலைக்கு எப்படி வந்து சேர முடியும் என்பதை இந்த வேலையைப் பார்த்த எவராலும் புரிந்துகொள்ள முடியும்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

கருவிப்பெட்டி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் எல்லாப் பழியையும் இறந்துபோன விமானியின் தலையில் கட்டுவதை நான் ஏற்கத் தயாராக இல்லை. அவர் பிரிட்டன் விமானப்படையில் இருந்து வந்தவர், நல்ல அனுபவசாலி.

இன்னொன்று. அந்த விபத்து நடந்து இரண்டு வாரத்துக்குள், அந்த ஹெலிகாப்டரைப் போலீசுக்காக இயக்கிய நிறுவனத்தின் இன்னொரு இசி135-இல் எரிபொருள் காட்டி தவறாகக் காட்டுவதாகத் தெரியவந்து, அந்த நிறுவனத்திடம் இருந்த அந்த ரக ஹெலிகாப்டர்கள் எல்லாவற்றையும் சில காலம் தரையிறக்கி வைத்துச் சோதித்தார்கள். உணரிகளில் தண்ணீர் கலந்தால், சப்ளை தொட்டியில் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும் என்று தெரிந்தது. அப்படியானால் அந்த விமானியின் கண் முன்னால் இருந்த காட்டி ‘எல்லாம் நிறைந்திருக்கிறது’ என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? காட்டியை நம்பியது குற்றமா?

---

கருவிப்பெட்டி எழுதியது:

ஏட்டுச்சுவடி, கேட்க வேண்டிய கேள்விதான். காட்டி பொய் சொல்லியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எரிபொருள் குறைவு எச்சரிக்கை அந்தக் காட்டியிடம் கேட்டுக்கொண்டு எரிவதில்லை. சப்ளை தொட்டி ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட உயரத்தில் தனியாக வெப்ப உணரி இருக்கிறது. எரிபொருள் அதற்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும்; காதில் மணியும் ஒலிக்கும். காட்டியும் விளக்கும் ஒன்றையொன்று சார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள்.

அன்றிரவு அந்த எச்சரிக்கை ஐந்து முறை வந்திருக்கிறது. ஐந்து முறையும் விமானி பொத்தானை அழுத்தி ஒப்புக்கொண்டிருக்கிறார். கையேடு சொல்வது: எச்சரிக்கை வந்தால் பிரதான தொட்டியில் எரிபொருள் இருக்கிறதா என்று பார், டிரான்ஸ்ஃபர் பம்ப்கள் இரண்டும் ஓடுகின்றனவா என்று பார், அப்படியும் விளக்கு அணையாவிட்டால் 10 நிமிடத்துக்குள் தரையிறங்கு. காட்டியும் விளக்கும் முரண்பட்டால் எதை நம்ப வேண்டும்? எங்கள் பட்டறையில் புதிதாக வரும் பையன்களிடம் முதல் வாரத்திலேயே சொல்வது: மோசமான செய்தியைச் சொல்லும் கருவியை நம்பு. அது பொய் என்றால் ஒரு மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

விளக்கம் ஏற்றுக்கொள்ளத்தக்கது. ஸ்காட்லாந்தில் நடந்த மரண விசாரணையின் முடிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. விசாரணையை நடத்திய நீதிபதி, ஷெரிஃப் பிரின்சிபல் கிரெய்க் டர்ன்புல், 2019 அக்டோபர் 30 அன்று தன் முடிவை வெளியிட்டார். விசாரணை கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் கால்பந்து அரங்கத்தில், தற்காலிக நீதிமன்றம் அமைத்து நடந்தது. ஐந்து எச்சரிக்கைகளும் உண்மையானவை, அவசரகாலப் பட்டியலில் உள்ளதைச் செய்யாததே விபத்துக்குக் காரணம், விமானி தெரிந்தே ஓர் அபாயத்தை எடுத்தார் என்பது அவருடைய தீர்மானம்.

அந்தக் கடைசி வார்த்தைகள்தான் எனக்கு இன்னும் நெருடுகின்றன. குரல் பதிவு இல்லை, கறுப்புப் பெட்டி இல்லை. ‘தெரிந்தே’ என்று ஒரு மனிதரின் மனதுக்குள் புகுந்து சொல்ல எவ்வளவு சான்று வேண்டும்? இறந்தவர்களின் குடும்பத்தார் பலரும் இந்த முடிவால் திருப்தி அடையவில்லை.

---

கிளைடுகரை எழுதியது:

வணக்கம். பல ஆண்டுகளாக கிளாஸ்கோவில் வசிக்கிறேன். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பேச்சு சுவிட்சுகளிலும் தொட்டிகளிலுமே நின்றுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அன்று கிளத்தாவில் நூறு பேர் அளவில் இருந்தார்கள். வாரக் கடைசிக்கு இசை கேட்க வந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் மேலே பறக்கும் ஹெலிகாப்டரின் எரிபொருளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கூரை இடிந்த சில நிமிடங்களில் தெருவில் போனவர்களே ஓடிவந்து, உள்ளே இருந்தவர்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். மீட்கப்பட்டு மருத்துவமனையில் இருந்த ஒருவர் டிசம்பரில் இறந்தபோதுதான் எண்ணிக்கை பத்தானது.

இடத்தை அறியாதவர்களுக்காக இன்னொன்று. கிளத்தா இருக்கும் ஸ்டாக்வெல் தெருவில் இருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கிளாஸ்கோ கிரீன் என்ற மிகப் பெரிய பூங்கா வந்துவிடும். ஆற்றை ஒட்டிய பரந்த புல்வெளி. அன்றைய ஹெலிகாப்டர் கிழக்குப் பக்கமிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் புல்வெளியைக் கடக்கும்போதெல்லாம் வான்நோக்கி கேட்ட அதே கேள்வி எனக்குள்ளும் எழும்.

ஏட்டுச்சுவடி சொன்ன கறுப்புப் பெட்டி விஷயம் முக்கியம். அன்றைய விதிப்படி அந்த ஹெலிகாப்டரில் பதிவுக் கருவி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கருவிகளின் நினைவகங்களில் இருந்து துண்டு துண்டாக எடுத்துத்தான் விசாரணைக்காரர்கள் கதையைக் கோத்தார்கள். போலீஸ், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களில் பதிவுக் கருவி கட்டாயம் வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். பதிவு இருந்திருந்தால் குடும்பங்கள் இத்தனை ஆண்டுகள் ஊகத்தோடு வாழ்ந்திருக்க வேண்டியதில்லை.

---

இறகுப்பந்து எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டரைப் பத்திரமாக இறக்கலாம், மேல் விசிறி தானாகச் சுழலும் என்று படித்திருக்கிறேன். ஆட்டோரொடேஷன் என்பார்களே. கிளாஸ்கோவில் அது ஏன் நடக்கவில்லை?

---

சிறகுப்பயிற்சி எழுதியது:

இறகுப்பந்து, இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஹெலிகாப்டர் ஓட்டப் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கிறேன். ஆட்டோரொடேஷன் எங்கள் அன்றாடப் பாடம்.

எஞ்சின் நின்றதும் இடது கையில் உள்ள கலெக்டிவ் நெம்புகோலை உடனே கீழே தள்ள வேண்டும். அப்போது விசிறி இதழ்களின் சாய்வு குறையும்; கீழிருந்து மேலே வரும் காற்று விசிறியைச் சுழற்றும்; தரைக்கு அருகில் அந்தச் சுழற்சியின் வலுவைக் கொண்டு ஒரே ஒரு முறை மெதுவாக இறங்கலாம். ‘உடனே’ என்றால் ஓரிரு வினாடி. தாமதித்தால் விசிறியின் வேகம் விழுந்துவிடும். ஒரு வரம்புக்குக் கீழே விழுந்த விசிறியை மீண்டும் சுழற்ற வழியே இல்லை. அதன் பிறகு அது ஹெலிகாப்டர் அல்ல, விழும் இரும்பு.

பயிற்சியில் இது எப்படி நடக்கிறது? பகல் வெளிச்சம். கீழே திறந்தவெளி. ஆசிரியர் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று சொல்லிவிட்டுத்தான் எஞ்சினின் சக்தியைக் குறைப்பார். கை ஏற்கெனவே தயாராக இருக்கும்.

கிளாஸ்கோவில் எப்படி நடந்தது? இரவு. கீழே நகரம். உயரம் ஏறக்குறைய ஆயிரம் அடி. முதலில் வலது எஞ்சின் அணைந்தது. சப்ளை தொட்டிகள் இரண்டையும் வேண்டுமென்றே வெவ்வேறு கொள்ளளவில் செய்திருக்கிறார்கள். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது சில நிமிடம் ஓடி, இறங்க அவகாசம் தரும் என்பது எண்ணம். ஆனால் இடது எஞ்சின் 32 வினாடியிலேயே அணைந்தது. ஒரு எஞ்சின் அணைந்ததைக் கண்டு அதற்கான பட்டியலை ஒருவர் மனதில் தொடங்கும் நேரம்கூட அது இல்லை.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. இரண்டு எஞ்சின்களும் நின்றால் மின்னாக்கிகளும் நின்றுவிடும். மின்கலத்தைக் காப்பாற்ற சில கருவிகளுக்கு மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும் ரேடியோ உயரமானியும், தரையைக் காட்டும் இறங்கு விளக்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றைத் திரும்பப் பெற மேலே ஒரு சுவிட்சை மாற்ற வேண்டும். இருட்டில், ஆயிரம் அடியில், இரண்டு கையிலும் கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எந்தக் கையால் அதைச் செய்வார்? கூரையில் மோதும்போது மேல் விசிறியும் வால் விசிறியும் சுழலவே இல்லை என்கிறது அறிக்கை. அபாயச் செய்தியும் அனுப்பப்படவில்லை.

ராபின்சன் நிறுவனம் தன் சிறிய ஹெலிகாப்டர்களின் விமானிகளுக்கு வெளியிட்ட பாதுகாப்புக் குறிப்புகளில் எரிபொருள் தீர்வதைப் பற்றித் தனியாக ஒன்று உண்டு. எரிபொருள் தீர்வது என்பது எஞ்சின் திடீரென்று முழுதாகச் செயலிழப்பதற்குச் சமம், அதன் ஆபத்தைப் பல விமானிகள் குறைத்து எடைபோடுகிறார்கள் என்பது அதன் சாரம். அவர்களுடைய ஆர்44-இல் எரிபொருள் விளக்கு எரிந்தால் சாதாரண வேகத்தில் பத்து நிமிடம்தான் கணக்கு. எங்கள் ஆசிரியர் இன்னும் கடுமையானவர். அந்த விளக்கை நிஜப் பறப்பில் பார்க்கும் நிலைமைக்கே வரக் கூடாது என்பார்.

---

அவசரவூர்தி எழுதியது:

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எனக்கு நெருக்கமான விபத்து வேறொன்று. 2011 ஆகஸ்ட் 26, அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், மாஸ்பி. ஏஎஸ்350 ரக ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர். விமானி, செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், நோயாளி என நால்வரும் இறந்தார்கள். பகல் வெளிச்சம், தெளிந்த வானிலை, ஒரே எஞ்சின். ஓர் இயந்திரக் கோளாறும் இல்லை.

பெத்தனி என்ற ஊரின் மருத்துவமனையில் நோயாளியை ஏற்றி, லிபர்ட்டி என்ற ஊரின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெத்தனிக்கு வந்து சேர்ந்தபோதே எரிபொருள் குறைவு என்று விமானிக்குத் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் தகவல் மையத்துடன் பேசினார். சேருமிடத்துக்குச் சற்று முன்னால் உள்ள மாஸ்பி விமானத்தளத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவானது. அது ஏறத்தாழ 58 கடல் மைல். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு எரிபொருள் இருப்பதாகச் சொன்னார். உண்மையில் இருந்தது முப்பது நிமிடத்துக்கு. அந்தப் பயணத்துக்கும் முப்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். விமானத்தளத்துக்கு ஒரு மைல் தொலைவில் எஞ்சின் நின்றது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2013 ஏப்ரலில் தன் முடிவைச் சொன்னது. பறக்கும் முன் செய்யும் சோதனையில் எரிபொருள் அளவைச் சரியாகப் பார்க்கவில்லை. பணி நேரத்தில், பறந்துகொண்டிருந்தபோதும்கூட, விமானி செல்பேசியில் குறுஞ்செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்ததால் கவனம் சிதறியது. தூக்கம் போதவில்லை. எஞ்சின் நின்றபோது ஆட்டோரொடேஷனும் சரியாக அமையவில்லை. வேகமாகப் பறக்கும் நிலையில் எஞ்சின் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்ற பயிற்சி போதவில்லை. சிறகுப்பயிற்சி சொன்ன ‘மூன்று, இரண்டு, ஒன்று’ பயிற்சியின் குறை இங்கேயும் இருக்கிறது.

ஆனால் என் நெஞ்சில் தைத்தது பெத்தனியில் நின்ற அந்தச் சில நிமிடங்கள். ஹெலிகாப்டர் அப்போது தரையில் இருந்தது! பறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, எரிபொருள் வண்டிக்குக் காத்திருந்திருக்கலாம். நோயாளியைச் சாலை வழியாக அனுப்பியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? நோயாளி படுக்கையில் இருக்கிறார். குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறது. செவிலியரும் துணைப் பணியாளரும் நோயாளியைத் தயார் செய்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் ‘எரிபொருள் போதாது, என்னால் முடியாது’ என்று ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அந்தக் கனத்தை நான் தினமும் பார்க்கிறேன். மருந்து அளவில் சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து கேட்காமல் விடுபவர்கள் உண்டு.

விமானியிடம் ‘வேண்டாம், பறக்காதே’ என்று சொல்லும் நிலையில் இருந்த நிறுவனத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவலே போகவில்லை. எரிபொருளில் இப்படி ஏதாவது என்றால் அந்த மையத்திடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதி நிறுவனத்தில் இல்லை என்பதையும் வாரியம் குற்றம் கண்டது. முடிவை ஒருவர் தோளில் மட்டும் வைத்தார்கள்.

---

மருதநிலம் எழுதியது:

படிக்கப் படிக்கக் கோபம் வருகிறது. ஒருவர் குறுஞ்செய்தி அனுப்புகிறார், இன்னொருவர் ஐந்து எச்சரிக்கையைத் தாண்டிப் பறக்கிறார். செத்தது யார்? பாட்டு கேட்க வந்தவர்களும் படுக்கையில் கிடந்த நோயாளியும். இதை அலட்சியம் என்று நேரடியாகச் சொல்ல ஏன் எல்லோரும் தயங்குகிறீர்கள்? கடும் தண்டனை இருந்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள்.

---

வான்நோக்கி எழுதியது:

மருதநிலம், கோபம் நியாயமானது. ஆனால் தண்டனைக்குப் பயந்தவர்தான் விளக்கு எரிந்த பிறகும் தளம்வரை ஓட்டிப் பார்ப்பார். வயலில் இறங்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தளம்வரை போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கு தண்டனையால் மாறாது, இன்னும் மோசமாகும்.

இன்னொரு விமானியைப் பற்றிச் சொல்கிறேன். பிரான்சிஸ் கேரி பவர்ஸ். 1960 மே 1 அன்று யு-2 உளவு விமானத்தில் சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு, சிறைப்பட்டு, பின்னர் கைதிகள் பரிமாற்றத்தில் ஊர் திரும்பியவர். எழுபதாயிரம் அடி உயரத்தில் பறந்தவர். அவர் இறந்தது 1977 ஆகஸ்ட் 1 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் செய்தி ஹெலிகாப்டரை ஓட்டியபோது. சாண்டா பார்பரா பக்கம் காட்டுத்தீயைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், எரிபொருள் தீர்ந்து, என்சினோ பகுதியில் விழுந்தது. உடன் இருந்த ஒளிப்பதிவாளரும் இறந்தார்.

எரிபொருள் காட்டியில் முன்பு ஒரு கோளாறு இருந்தது, ‘காலி’ என்று காட்டும்போதும் அரை மணி நேர எரிபொருள் மிச்சம் இருக்கும், அந்தக் கோளாறைச் சரிசெய்தவர்கள் தந்தையிடம் சொல்லவில்லை என்று அவருடைய மகன் சொல்லிவருகிறார். அது அந்தக் குடும்பத்தின் கூற்று. எப்படியாயினும், இவ்வளவு அனுபவம் உள்ள ஒருவரை அலட்சியக்காரர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் நாம் எதையும் புரிந்துகொள்ளப் போவதில்லை.

---

கருவிப்பெட்டி எழுதியது:

மகன் சொல்வது உண்மையா இல்லையா என்பது வேறு. ஆனால் அந்தப் பழக்கம் உண்மை. ‘இந்த வண்டியில் முள் இங்கே வந்தாலும் இன்னும் இவ்வளவு ஓடும்’ என்று ஒவ்வொரு ஹெலிகாப்டரைப் பற்றியும் தளத்தில் ஒரு வாய்வழிக் கதை இருக்கும். விமானிகளும் சொல்வார்கள், எங்கள் ஆட்களும் சொல்வார்கள். பராமரிப்பில் இருப்பவர்கள் அந்தக் கதையை வளர்க்கவே கூடாது. காட்டி தவறாக இருந்தால் பதிவேட்டில் எழுது, சரிசெய், சரிசெய்ததையும் எழுதி விமானியிடம் காட்டு.

எரிபொருளை ஏன் நிரம்பப் போட்டுக்கொண்டு பறப்பதில்லை என்று யாராவது கேட்பீர்கள். எடைதான் காரணம். ஒவ்வொரு கிலோ எரிபொருளும் ஒரு கிலோ ஆளையோ கருவியையோ குறைக்கிறது. வெயில் ஏறினாலும் உயரம் ஏறினாலும் காற்று மெலிந்து தூக்கும் திறன் இன்னும் குறையும். மலைப்பகுதியில் பறப்பவர்கள் கிலோ கிலோவாக எண்ணித்தான் ஏற்றுவார்கள். ஆகவே ஹெலிகாப்டர் என்பது எப்போதும் எரிபொருளை அளந்து பறக்கும் வாகனம். அளவு தப்பினால் தாங்க அதிக இடமில்லை.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

சர்வதேச விதிகளிலும் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். தரையைப் பார்த்துப் பறக்கும் ஹெலிகாப்டர் சேருமிடத்தை அடைந்த பின்னும் இருபது நிமிடம் பறக்கும் அளவுக்கு இறுதிக் கையிருப்பு வேண்டும்; கருவிகளை நம்பிப் பறந்தால் முப்பது நிமிடம். கிளாஸ்கோ ஹெலிகாப்டருக்கு 85 கிலோ மீதம் வைத்துத் தரையிறங்க வேண்டும் என்பது இயக்கியவர்களின் விதி. பிரதான தொட்டியில் கிடைத்த 76 கிலோவோடு இதை ஒப்பிட்டால், சுவிட்சு விவகாரம் இல்லாவிட்டாலும் அந்தப் பறப்பு கையிருப்பைத் தொட்டுவிட்டது என்று புரியும். அவசரம் என்று சொல்லும்படியான வேலை எதுவும் கடைசிப் பகுதியில் இல்லை, வழக்கமான கண்காணிப்புதான். இதை எழுதும்போது முன்பு நான் விமானிக்காக வாதாடிய அளவுக்கு இப்போது வாதாட முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வானொலியில் சொல்லவும் முறை இருக்கிறது. கையிருப்பைத் தொடும் நிலை நெருங்கினால் ‘மினிமம் ஃபியூயல்’ என்று கட்டுப்பாட்டு மையத்திடம் அறிவிக்கலாம். கையிருப்புக்கும் கீழே போய்த்தான் இறங்க முடியும் என்றால் ‘மேடே ஃபியூயல்’. ‘மேடே’ என்ற அபாய அழைப்பைச் சொன்னவுடன் வழிவிடுவார்கள்.

---

இறகுப்பந்து எழுதியது:

அப்படியானால் ஒரு நடைமுறைக் கேள்வி. நடுவழியில் யாரோ ஒருவருடைய வயலில் இறங்கிவிட்டால் அதன் பிறகு என்ன ஆகும்? விமானிக்கு வேலை போகுமா? நில உரிமையாளர் வழக்குப் போடுவாரா? இதற்கெல்லாம் பயந்துதான் இறங்காமல் போகிறார்களா?

---

சிறகுப்பயிற்சி எழுதியது:

அந்தப் பயத்தைத்தான் சர்வதேச ஹெலிகாப்டர் சங்கம் குறிவைத்தது. அதன் தலைவராக இருந்த மேட் ஜுக்காரோ 2013-இல் மிகக் கடுமையான மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். விபத்து அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம், பத்திரமாக இறங்கியிருக்கக் கூடிய ஹெலிகாப்டர்களை ஏன் இறக்கவில்லை என்ற கேள்வியே திரும்பத் திரும்ப எழுகிறது என்பது அவருடைய ஆதங்கம். அதைத் தொடர்ந்து ‘லேண்ட் அண்ட் லிவ்’ (இறங்கு, உயிரோடு இரு) என்ற பெயரில் பிரசாரம் தொடங்கினார்கள். எரிபொருள் மட்டுமல்ல, மேகம் இறங்கினால், எச்சரிக்கை விளக்கு எரிந்தால், மனதுக்குச் சரிப்படவில்லை என்றால் இறங்கிவிடு. நிறுவனங்களிடமும் கேட்டது ஒன்றுதான்: முன்னெச்சரிக்கையாக இறங்கிய விமானியைத் தண்டிக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

இறங்கிய பிறகு நடப்பது இதுதான். எஞ்சினை அணைக்க வேண்டும். விசிறி நிற்கும்வரை யாரையும் கிட்டே விடக் கூடாது. தளத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். நில உரிமையாளரைப் பார்த்துப் பேச வேண்டும். பீப்பாயிலோ சிறு வண்டியிலோ எரிபொருள் வரும். அளந்து ஊற்றி, தொட்டியின் அடியில் இருந்து சிறிது வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து, தளம் சம்மதித்த பிறகு கிளம்ப வேண்டும். பயிர் சேதமானால் நிறுவனம் ஈடு கொடுக்கும், காப்பீடு அதற்குத்தான். மொத்தத்தில் பாதி நாள் போகும், ஓர் அறிக்கை எழுத வேண்டும்.

---

அவசரவூர்தி எழுதியது:

சிறகுப்பயிற்சி தம்பி, அந்த எழுத்துறுதி நகலைப் பறப்புக் குழுவில் இருக்கும் செவிலியர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று உங்கள் பயிற்சிப் பள்ளியில் சொல்லுங்கள். எரிபொருள் காட்டி எங்கே இருக்கிறது, எந்த விளக்கு எரிந்தால் பத்து நிமிடம் என்பதை விமானியோடு பறக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்பியில் பின்னால் அமர்ந்திருந்த இரண்டு பேரும் கேள்வி கேட்கும் உரிமையோடு ஏறியிருக்க வேண்டியவர்கள்.

---

சிறகுப்பயிற்சி எழுதியது:

நிச்சயம் சொல்கிறேன், அக்கா. அடுத்த தரை வகுப்பு எரிபொருள் திட்டமிடல் பற்றியதுதான். மாஸ்பி அறிக்கையை அச்செடுத்து எடுத்துக்கொண்டு போகிறேன்.